கார் தராத கார் தொழிற்சாலை

1938 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஒரு சேமிப்புத் திட்டம் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு 5 ரைக்ஸ்மார்க் கட்ட வேண்டும். கட்டினால் ஒரு ஸ்டாம்ப் கொடுப்பார்கள். அதை ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். கிட்டத்தட்ட நம் ஊர் நகைச் சீட்டு மாதிரிதான். 990 ரைக்ஸ்மார்க் சேர்ந்தால் ஒரு கார். கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாலு வருஷம் ஆகும். கட்டின பணத்துக்கு வட்டி கிடையாது. நடுவில் மனசு மாறினால் பணத்தைத் திரும்ப வாங்குவதும் லேசில்லை. அப்படியும் சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த அட்டையைக் காட்டிக் கார் கிடைக்கவில்லை.

அந்தக் கார்தான் பின்னால் பீட்டில் என்று உலகம் முழுக்க ஓடியது. அதைச் செய்வதற்காகக் கட்டிய ஆலைதான் இன்றைக்கும் வோல்ஃப்ஸ்பர்க் நகரத்தில், மிட்டல்லாண்ட் கால்வாய்க் கரையில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு நிற்கிற ஃபோக்ஸ்வாகன் தலைமை ஆலை.

நான் அம்பத்தூரில், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன். எந்த ஆலையைப் பற்றிப் படித்தாலும் எனக்கு முதலில் வருகிற கேள்விகள் ஒரே மாதிரிதான் இருக்கும். மெஷினில் யார் நின்றார்கள்? ஷிப்டு முடிந்து எங்கே போய்ப் படுத்தார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? பீட்டில் பற்றி வருகிற கட்டுரைகளில் இதற்கெல்லாம் பதில் இருப்பதில்லை. காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வரைபடத்தில் ஆரம்பிப்பார்கள். 1939-இல் போர் வந்தது, கார் திட்டம் நின்றது, 1945-இல் போர் முடிந்தது, மறுபடி தொடங்கியது என்று ஆறு வருஷத்தை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஆறு வருஷமும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. சொல்லப் போனால் அது ஆலையாக உருவானதே அந்த வருஷங்களில்தான். அதனால் அந்த இரண்டு வரியை மட்டும் விரித்து எழுத நினைத்தேன்.

முதலில் ஆலை கட்டக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில மாதத்திலேயே, 1933 மே 2 அன்று, நாடு முழுக்கத் தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். சங்கங்களின் கட்டடங்கள், நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் ராபர்ட் லேய் தலைமையிலான ஜெர்மன் தொழிலாளர் முன்னணி என்ற கட்சி அமைப்பின் கைக்குப் போயின. கார் ஆலையைக் கட்டியது இந்த அமைப்புதான். ஏற்கெனவே கார் செய்துகொண்டிருந்த கம்பெனிகளுக்கு 990 ரைக்ஸ்மார்க்கில் கார் கொடுப்பது கட்டுப்படியாகாது. அதனால் தொழிலாளர் முன்னணியின் தலையில் திட்டத்தைக் கட்டினார்கள். அதுவும் பறித்த சங்கச் சொத்துகளை விற்று முதலுக்கு வழி செய்தது. தொழிலாளி சந்தாவாகக் கட்டிய காசில், தொழிலாளிக்குக் கார் என்ற பெயரில், சங்கமே இல்லாத ஓர் ஆலை எழும்பியது.

போர்ஷேயும் அவருடைய ஆட்களும் 1936-லும் 1937-லும் அமெரிக்கா போய் ஃபோர்டின் ரிவர் ரூஜ் ஆலையைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இரும்புத் தாது உள்ளே போக, மறுபக்கம் கார் வெளியே வருகிற ஆலை அது. அதைப் போலவே, அதைவிடப் பெரிதாக ஒன்று கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முழுதாக முடிந்தால் வருஷத்துக்கு 15 லட்சம் கார் என்பது இலக்கு. அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த ஜெர்மன் பொறியாளர்கள் சிலரைப் பேசிக் கூட்டிக்கொண்டும் வந்தார்கள்.

இடம் ஹனோவருக்குக் கிழக்கே, ஃபாலர்ஸ்லெபன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். கால்வாயும் ரயில் பாதையும் ஒட்டிப் போகிற சமவெளி. நிலத்தில் பெரும்பகுதி பக்கத்தில் கோட்டை வைத்திருந்த ஒரு பிரபுவின் குடும்பத்துடையது. 1938 மே 26 அன்று ஹிட்லர் வந்து அடிக்கல் நாட்டினார். பல்லாயிரம் பேரைத் திரட்டியிருந்தார்கள். காருக்கு கேடிஎஃப் வாகனம் என்று அங்கேயே பெயர் வைத்தார். தொழிலாளர் முன்னணியின் பொழுதுபோக்குப் பிரிவின் சுருக்கப் பெயர் அது. ஆலையோடு சேர்த்து உருவான ஊருக்கும் கேடிஎஃப் நகரம் என்றே பெயர். பீட்டர் கோலர் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு முழு நகரத்துக்கே திட்டம் போட்டார். அதில் கொஞ்சம்தான் கட்டி முடிந்தது. மீதி இடத்தில் மரத்தட்டிக் கொட்டகைகள் வரிசையாக எழும்பின.

ஆலை கட்டவே ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மன் கட்டடத் தொழிலாளர்களை மேற்கு எல்லையில் அரண் கட்ட இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் 1938-இல் முசோலினியின் இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் வந்தார்கள். நட்பு நாட்டு விருந்தாளிகள் என்று மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். இவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இத்தாலியர்கள் இன்னும் இரண்டு முறை வருவார்கள்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது கூரை போட்ட கூடங்கள் இருந்தன, மெஷின்கள் பாதி வந்திருந்தன, செய்வதற்குப் பொருள் இல்லை. இவ்வளவு பெரிய ஆலையைச் சும்மா போட்டு வைத்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் நிர்வாகத்துக்கு. கிடைத்த வேலையை எல்லாம் பிடித்தார்கள். யூ-88 குண்டுவீச்சு விமானத்தைப் பழுது பார்ப்பது, அதற்கு இறக்கை செய்வது, விமானங்கள் கூடுதலாகச் சுமந்து போய்க் காலியானதும் கழற்றிவிடுகிற எரிபொருள் டாங்கு, ரஷ்யக் குளிரில் மாட்டிக்கொண்ட சிப்பாய்களுக்கு அடுப்பு. தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டுகிற எந்த ஆலைக்கும் இதெல்லாம் செய்ய முடியும். நான் வேலை செய்த இடத்திலேயே காலையில் காரின் தரைத் தகடு அடித்த பிரஸ்ஸில் டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சை, மாற்றிவிட்டு, மத்தியானம் டிராக்டர் மட்கார்டு அடிப்போம். அடியில் என்ன டை போட்டிருக்கிறதோ அதைத்தான் பிரஸ் அடிக்கும்.

போர்க்காலம் முழுக்கச் சேர்த்தே பொதுமக்களுக்கென்று வரைந்த அந்தக் காரில் வெளியே வந்தவை சுமார் 630 மட்டும். அவையும் கட்சிப் பெரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான் போயின.

அப்புறம்தான் ராணுவம் ஒரு வண்டியை ஒப்புக்கொண்டது. அதுதான் க்யூபல்வாகன், 82-ஆம் வகை. 1940-இல் இங்கே உற்பத்தி தொடங்கி, போர் முடிவதற்குள் 50,000-க்கும் கொஞ்சம் மேல் செய்தார்கள். இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீட்டிலின் அடித்தளத்தை எடுத்து, மேலே தகரப் பெட்டி மாதிரித் தட்டையான தகடுகளால் உடலைச் செய்தார்கள். தட்டையான தகட்டில் வரி வரியாக விலா அடித்தால் மெல்லிய தகடே போதும், விறைப்பாக நிற்கும். எடை முக்கால் டன்னுக்குள். நாலு சக்கரத்துக்கும் விசை போகவில்லை, பின் சக்கரத்துக்கு மட்டும்தான். அப்படியும் சேற்றிலும் மணலிலும் போயிற்று. ராணுவம் வைத்த நிபந்தனை ஒன்று எனக்குப் பிடித்தது. மூட்டை சுமந்து நடக்கிற காலாட்படையோடு கூடவே வண்டி ஊர்ந்து போக வேண்டும், அதாவது மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் திணறாமல் ஓட வேண்டும். இதற்காகப் பின் சக்கரம் ஒவ்வொன்றின் மையத்திலும் தனியாக ஒரு ஜோடி கியர் வைத்தார்கள். அச்சுத்தண்டு மேல் கியருக்கு வரும், சக்கரம் கீழ் கியரில் சுழலும். வேகம் குறைந்து இழுவை கூடியது. கூடவே அச்சுத்தண்டு மேலே ஏறிவிட்டதால் வண்டியின் வயிறும் தரையிலிருந்து உயர்ந்தது. ஒரே மாற்றத்தில் இரண்டு லாபம். இரண்டு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலும் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்கு விசை போகிற வகை.

என்ஜின் காற்றில் குளிர்வது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. லிபியப் பாலைவனத்தில் கொதிக்க ஒன்றுமில்லை, ரஷ்யாவில் உறைய ஒன்றுமில்லை. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரொம்மலின் படை இந்த வண்டிகளில்தான் சுற்றியது. அந்தப் படைக்கு எதிரே நின்ற 4-ஆவது இந்திய டிவிஷனில் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையினரும் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலில் என்ஜின் 985 சிசி. ராணுவத்துக்குப் போதவில்லை என்று 1943-இல் 1,131 சிசியாக ஆக்கினார்கள். போருக்குப் பின் வந்த பீட்டிலின் பானட்டுக்குள், சரி, அதற்குப் பின்னாடிதான் என்ஜின், அங்கே இருந்தது இந்த 1,131 சிசி என்ஜின்தான். பாலைவனத்திலும் பனியிலும் அடிபட்டு, குறை தெரிந்து, திருத்தித் திருத்தி வந்த என்ஜின். பீட்டில் ரிப்பேரே ஆகாது என்று பெயர் வாங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு வண்டி ஷ்விம்வாகன், நீரிலும் நிலத்திலும் போவது. 14,000-க்கும் மேல் செய்தார்கள். பின்னால் மேல்நோக்கி மடித்து வைத்திருக்கிற விசிறியை ஆற்றங்கரையில் கீழே இறக்கினால், என்ஜின் தண்டின் முனையோடு போய்க் கவ்விக்கொள்ளும். தண்ணீரில் முன்னால் மட்டும்தான் போக முடியும். பின்னால் வர வேண்டுமானால் துடுப்பு போடலாம், அல்லது சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழல விடலாம். திருப்புவதற்கு முன் சக்கரங்களே சுக்கான்.

பொறியியல் என்று பார்த்தால் இரண்டும் அருமையான வண்டிகள். இதைச் சொல்லத் தயங்க மாட்டேன். நல்ல வேலையை நல்ல வேலை என்று ஒப்புக்கொண்டால்தான், அதைச் செய்த கைகள் யாருடையவை என்ற கேள்வியின் கனம் தெரியும்.

முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் போலந்துப் பெண்கள், 1940 கோடையில். ஊரில் பிடித்து ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். சட்டையில் பி என்ற எழுத்துப் பொறித்த துணியைத் தைத்துக்கொள்ள வேண்டும். 1941 அக்டோபரில் சோவியத் போர்க்கைதிகள் வந்தார்கள், சுமார் 850 பேர். கைதி முகாம்களில் பட்டினி போட்டதில் அவர்களால் நிற்கவே முடியவில்லை. வேலை வாங்குவதற்கு முன் வாரக்கணக்கில் சோறு போட்டுத் தேற்ற வேண்டியிருந்தது. ஆலை அவர்களுக்குச் சோறு போட்டது வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். அடுத்த வருஷம் உக்ரைன், ரஷ்யப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும். அவர்கள் நெஞ்சில் ஓஸ்ட், அதாவது கிழக்கு என்று எழுதிய பட்டை. பிரான்சிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள். நாஜி ஆட்சிக்கு விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்த டச்சு மாணவர்களும் அதில் உண்டு.

1943 செப்டம்பரில் இத்தாலி அணி மாறியது. ஜெர்மானியர்கள் உடனே இத்தாலியச் சிப்பாய்களைச் சிறைபிடித்து ஆலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இந்த ஆலைக்கும் ஒரு பங்கு வந்தது. ஐந்து வருஷம் முன்பு விருந்தாளியாக வந்து சுவர் எழுப்பிய நாட்டுக்காரர்கள் இப்போது துரோகிகள் என்ற பட்டத்தோடு முள்வேலிக்குள். அவர்களுக்குப் போர்க்கைதி என்ற அந்தஸ்துகூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் சட்டம் குறுக்கே வரும் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

யாருக்கு எவ்வளவு சாப்பாடு, எந்தக் கொட்டகை, வெளியே போகலாமா கூடாதா என்பதெல்லாம் இனத்தை வைத்து முடிவானது. மேற்கு ஐரோப்பியர்களுக்கு ஒரு தட்டு, போலந்துக்காரர்களுக்கு அதற்குக் கீழே, சோவியத் மக்களுக்கு அதற்கும் கீழே, யூதர்களுக்கு எல்லாவற்றுக்கும் அடியில். ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இப்படி.

1944 ஏப்ரல் கடைசியில் ஆலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 17,000 பேர். அவர்களில் 11,000-க்கும் மேற்பட்டோர் வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள். மூன்றில் இரண்டு பங்கு. போர் முழுக்கவும் சேர்த்தால் சுமார் 20,000 பேர், அவர்களில் ஏறக்குறைய 5,000 பேர் வதை முகாம் கைதிகள்.

வதை முகாம் என்றதும் அரசு திணித்தது, நிர்வாகம் என்ன செய்யும் என்று கேட்கலாம். போர்ஷே அலுமினியக் கலவைகளுக்கு ஒரு ஃபவுண்டரி, அதாவது வார்ப்பாலை, கட்ட விரும்பினார். கட்டட ஆள் இல்லை. வதை முகாம்களை நடத்திய எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் தலைவர் ஹிம்லரோடு பேசி ஏற்பாடு செய்துகொண்டார். 1942 ஏப்ரலில் ஆலை வளாகத்துக்கு உள்ளேயே அர்பைட்ஸ்டோர்ஃப் என்ற வதை முகாம் திறந்தது. நூற்றுக்கணக்கான கைதிகள் அங்கே அடைத்து வைக்கப்பட்டுக் கட்டட வேலை செய்தார்கள். போருக்கு அவசரத் தேவை இல்லாத கட்டடம் என்று ஆயுத அமைச்சர் ஷ்பேர் தடுத்ததால் அக்டோபரில் அது மூடப்பட்டது. ஜெர்மன் தொழில்துறைக்கும் எஸ்எஸ்ஸுக்கும் இடையே இப்படி நடந்த ஆரம்ப கால ஒப்பந்தங்களில் இது ஒன்று. யாரும் திணிக்கவில்லை, ஆலைதான் கேட்டது.

1944-இல் ஆலையின் முக்கியமான வேலைகளில் ஒன்றாகிவிட்டது வி-1 பறக்கும் குண்டு. ஜூன் 13 முதல் லண்டன் மேல் விழத் தொடங்கிய ஆளில்லாக் குண்டு. தகட்டை வளைத்து உருளையாக்கி வெல்டு அடித்துச் செய்கிற உடல்பகுதி, கார் ஆலைக்குக் கைவந்த வேலை. குண்டுவீச்சுக்குப் பயந்து இதைப் பூமிக்கு அடியில் கொண்டுபோக முடிவு செய்து, பிரான்சின் லொரேன் பகுதியில் தியர்சலே என்ற இரும்புச் சுரங்கத்தைப் பிடித்தார்கள். ஆள் வேண்டுமே. ஆலையின் பொறியாளர் ஒருவர் நேரே ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்குப் போய், ஹங்கேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர்களில் உலோக வேலை தெரிந்த 300 பேரைத் தேர்ந்தெடுத்தார்.

வேலைக்கு ஆள் எடுக்கிற பழக்கம் எனக்கும் கொஞ்சம் உண்டு. ஃபிட்டரா வெல்டரா என்று கேட்போம், முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்போம். அந்தக் கேள்விகளை அந்த இடத்தில் நின்று ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதைப் படித்த அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

ஆலைக்குள்ளேயும் நூற்றுக்கணக்கான யூதப் பெண்களைக் கொண்டுவந்து, கூடத்தின் கட்டடத்திலேயே தங்கவைத்து, கண்ணிவெடியும் டாங்கி எதிர்ப்புக் குண்டும் செய்ய வைத்தார்கள். இவர்களில் பலர் ஆஷ்விட்ஸிலிருந்து தப்பி வந்துவிட்டோம் என்று நிம்மதி அடைந்திருப்பார்கள்.

இனி ரூயன்.

கட்டாயத் தொழிலாளர்களாக வந்த போலந்து, சோவியத் பெண்கள் கர்ப்பமானால் ஆரம்பத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆள் பற்றாக்குறை முற்றியதும் அதை நிறுத்தினார்கள். பிரசவம் ஆன கொஞ்ச நாளிலேயே தாய் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பிடுங்கி ஒரு விடுதியில் போட்டுவிடுவார்கள். அந்த விடுதி முதலில் முகாமிலேயே இருந்தது. 1944 ஜூனில் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ரூயன் என்ற கிராமத்துக்கு மாற்றினார்கள். அங்கே இருந்ததும் கொட்டகைகள்தான். சுவர் முழுக்க மூட்டைப்பூச்சி. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம், வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் கிடையாது; தாய் 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஷிப்டில் நிற்கிறாள். விடுதிக்குப் பொறுப்பு ஆலையின் தலைமை மருத்துவர் ஹான்ஸ் கெர்பல். பக்கத்திலேயே அவருடைய மேற்பார்வையில் ஒழுங்காக நடக்கிற மருத்துவமனை இருந்தது. மருந்து இருந்தது, பால் இருந்தது. ரூயனுக்கு அது போகவில்லை.

குறைந்தது 365 குழந்தைகள் இறந்தன. கடைசி மாதங்களில் அங்கே விட்ட குழந்தைகளில் அநேகமாக ஒன்றும் பிழைக்கவில்லை.

ஆலையின் கணக்கில் பார்த்தால் இது ஒரு சின்ன ஏற்பாடு. தாய்மார்களின் ஷிப்டு காலியாகாமல் இருக்க ஒரு வழி. யாரும் கொல்லச் சொல்லி உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. உற்பத்திக்குத் தேவைப்படாத உயிர்களை ஒரு கொட்டகையில் வைத்துவிட்டு, எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பீட்டில் பற்றி இனி யார் எழுதினாலும் க்யூபல்வாகன் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இந்த 365-ஐயும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

1944 ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை அமெரிக்க விமானங்கள் ஆலையைப் பலமுறை தாக்கின. கூடங்களின் கூரை நாசமானது. பெரும்பாலான மெஷின்கள் தப்பின, ஏனென்றால் பலவற்றை அடித்தளத்துக்கும் வெளியூர்களுக்கும் முன்னமே மாற்றியிருந்தார்கள். செத்தவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நிறைய.

1945 ஏப்ரல் 10 அன்று லைன் நின்றது. மறுநாள் அமெரிக்கப் படை வந்தது. யூதப் பெண்களை அதற்குள் சால்ஸ்வெடல் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சில நாளில் விடுதலை கிடைத்தது. போர்ஷே ஆஸ்திரியாவில் இருந்தார். ஆலையை நேரடியாக நடத்திய அவருடைய மருமகன் அன்டன் பியேஹ், ஆலைப் பணத்தில் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

1946-இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ரூயன் வழக்கை விசாரித்தது. டாக்டர் கெர்பல் 1947 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். போர்ஷேயையும் பியேஹையும் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் சிறையில் வைத்திருந்தார்கள். அது பெழோ என்ற பிரெஞ்சு கார் கம்பெனி தொடர்பான வழக்கு. இந்த ஆலையில் நடந்ததற்காக அவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லாருக்கும் தெரிந்த பகுதி, அதனால் வேகமாகப் போகிறேன். ஊருக்கு அந்தப் பழைய கோட்டையின் பெயரையே வைத்து வோல்ஃப்ஸ்பர்க் ஆக்கினார்கள். தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் பிரித்துக்கொண்டதில் இந்தப் பகுதி பிரிட்டிஷ் கட்டுப்பாட்டுக்கு வந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற ராணுவப் பொறியாளர் பொறுப்பேற்றார். மின்நிலையத்தில் டர்பைன்களுக்கு நடுவே வெடிக்காத குண்டு ஒன்று கிடந்தது. அது வெடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். க்யூபல்வாகனை மறுபடி செய்யலாம் என்றால் அதன் உடலை அடிக்கிற டைகள் பெர்லினில் அம்பி-பட் என்ற வேறொரு ஆலையில் இருந்தன, அது சோவியத் பக்கம் போய்விட்டது. பீட்டிலின் டைகள் கைவசம் இருந்தன. டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி. 20,000 கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் ஆர்டர் போட, 1945 டிசம்பர் 27 அன்று தொடர் உற்பத்தி தொடங்கியது. 1946 மார்ச்சில் ஆயிரமாவது கார்.

1948-இல் தலைமைக்கு வந்த ஹைன்ரிஷ் நோர்டாஃப், போர்க்காலத்தில் ஓப்பல் கார் கம்பெனியின் பிராண்டன்பர்க் லாரி ஆலையை நடத்தியவர். அதனால் அமெரிக்கப் பகுதியில் அவருக்கு நிர்வாக வேலை கிடைக்கவில்லை, பிரிட்டிஷ் பகுதிக்கு வந்தார். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது பீட்டில். ஆள் போதாமல் 1962-இல் இத்தாலியிலிருந்து மறுபடி தொழிலாளர்களைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை. இந்த முறை சம்பளமும் ஒப்பந்தமும் இருந்தன, வேலி போட்ட மரக் குடியிருப்பும் இருந்தது. வந்தவர்களுக்கு முன்கதை எவ்வளவு தெரியுமோ.

ஸ்டாம்ப் அட்டைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கட்டிய பணம் பெர்லினில் ஒரு வங்கிக் கணக்கில் இருந்து, சோவியத் படையின் கைக்குப் போயிருந்தது. புதிய கம்பெனி தனக்கும் அந்த அட்டைக்கும் சம்பந்தமில்லை என்றது. பத்து வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் இழுத்து, 1961-இல் சமரசம். முழுத்தொகை கட்டியவருக்குப் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி, வேண்டாம் என்றால் 100 மார்க் ரொக்கம்.

கட்டாயத் தொழிலாளர்களுக்கு அந்தச் சமரசமும் கிடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இரும்புத்திரைக்கு அப்பால், சோவியத் பக்க நாடுகளில் இருந்தார்கள், கேட்க வழியில்லை. 1986-இல்தான் கம்பெனி ஹான்ஸ் மோம்சன் என்ற வரலாற்றாசிரியரிடம் ஆவணங்களைத் திறந்துவிட்டது. அவரும் மான்ஃப்ரெட் க்ரீகரும் பத்து வருஷம் உழைத்து 1996-இல் ஆயிரம் பக்கத்துக்குச் சற்று மேல் வருகிற ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைக்கு நமக்கு இதெல்லாம் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கம்பெனி தன் பணத்தில் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தயாரிக்க விட்டது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இழப்பீடு அதோடு வந்துவிடவில்லை. சட்டப்படி நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட ஆரம்பித்ததும் 1998-இல் 2 கோடி மார்க் நிதி ஒன்றை அமைத்தார்கள். உயிரோடு இருந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதிலிருந்து உதவி போய்ச் சேர்ந்தது. 1942-இல் 20 வயதில் ரயிலேற்றப்பட்ட பெண்ணுக்கு அப்போது 76 வயது.

வோல்ஃப்ஸ்பர்க் போகிறவர்கள் பொதுவாக ஆட்டோஷ்டாட் என்ற கண்ணாடிக் கோபுரக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆலைக்குள், போர்க்காலப் பதுங்கறை ஒன்றில், கட்டாயத் தொழிலாளர்களுக்கான நினைவிடம் 1999-லிருந்து இருக்கிறது. முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொண்டால் பார்க்கலாம். நேரம் இருந்தால் ரூயனுக்கும் போய் வாருங்கள், அந்தக் குழந்தைகளுக்கான நினைவுச் சின்னம் அங்கே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஆலையிலிருந்து காரில் கால் மணி நேரம்தான் ஆகும்.